மக்காச்சோளப் புழுவும் உன் கணக்கும்

கோவில்பட்டி,
பிப்ரவரி 18

அன்பு மகன் கிங்ஸ்டனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், ஹாலந்துக் குளிரில் உன்னையும் அவரே காக்கட்டும். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி. பசுவந்தனையில் நம் புஞ்சையைக் குத்தகைக்கு உழும் வெயிலுமுத்துவின் மக்காச்சோளம் முழுவதும் படைப்புழுவுக்குப் போய்விட்டது. குருத்தை விரித்தால் புழுவும் எச்சமும்தான், கதிர் பிடிக்கவில்லை, தட்டையை மாட்டுக்கு அறுத்துப் போட்டார். சென்ற ஆகஸ்டில் நீ வந்திருந்தபோது அவர் பருத்தி போடலாமா என்றுதான் யோசித்தார். நீ வரப்பில் நின்றுகொண்டு, ஒரு வருஷத்துப் புழுதான் அடுத்த வருஷத்துப் புழுவைத் தீர்மானிக்கிறது, அந்த ஒரே விதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் போகப் போக ஒரு வருஷம் அதிகம் ஒரு வருஷம் குறைவு என்று நிலைத்துவிடும், போன வருஷம் அதிகம், ஆகவே இந்த வருஷம் குறையும் என்றாய். அவர் விதைத்தார்.

நீ விட்டுப்போன கால்குலேட்டரில் நானும் போட்டுப் பார்த்தேன். உன் விதியேதான், புழு எவ்வளவு வேகமாகப் பெருகும் என்று அதில் பெருக்குகிற எண்ணை மட்டும் சற்றுக் கூட்டினேன். மாறி மாறி வருவது போய்விட்டது. முதல் வருஷத்துப் புழு எண்ணிக்கையைத் துளி மாற்றினால் பத்து வரிக்குள் இரண்டு வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. இது உனக்குத் தெரியாததா, இத்தனை வருஷமாக இதைத்தானே ஆராய்கிறாய். அந்தப் புஞ்சைக்கு எந்த எண் என்று உனக்கு யார் சொன்னது? மழை பிந்தியதும் பக்கத்துக் காட்டிலிருந்து இந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சி பறந்து வந்ததும் உன் விதியில் எங்கே இருக்கிறது? நான் கணக்கு நடத்திய கான்வென்டில் விடை சரியாக வந்தாலும் வழி எழுதாவிட்டால் மார்க் கிடையாது. உனக்கு விடையும் வரவில்லை.

வெயிலுமுத்து உன்மேல் கோபப்படவில்லை, எனக்கு அதுதான் பயம். தம்பி கணக்கு தப்பாதும்மா, புழுதான் தப்பா வந்துட்டு, இந்த வருசம் கூடிட்டுல்லா, அடுத்த வருசம் கொறஞ்சுதான ஆவணும் என்கிறார். அவர் மனைவி பொன்மணி, அப்பம் புழுவுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிரச் சொல்லுங்க என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்துப் புஞ்சையையும் குத்தகைக்குப் பேசிவிட்டார், இரண்டிலும் மக்காச்சோளம்தானாம். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று நான் எடுத்துச் சொன்னேன். நீங்க படிச்சது அந்தக் காலத்துப் படிப்புல்லாம்மா என்று சொல்லிவிட்டார், என்னிடம்.

நீ பணம் அனுப்ப வேண்டாம், அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது அண்ணாச்சி, அன்றைக்கும் தெரியாமல்தான் சொன்னேன் என்று உன் வாயால் சொல். அதோடு நிறுத்திக்கொள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அதிலும் அவர் ஒரு நம்பிக்கையைக் கண்டுபிடித்துவிடுவார். ஈஸ்டர் கழிந்ததும் அந்தப் பக்கத்துப் புஞ்சைக்கு முன்பணம் கொடுக்கிறார், அதற்குள் பேசு. பகலில் காட்டில் இருப்பார், இருட்டிய பிறகு நம் நேரம் பார்த்துக் கூப்பிடு.

காதை மூடாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. பேசினாயா என்று நான் உன்னைக் கேட்கமாட்டேன், புரட்டாசியில் அவர் எதை விதைக்கிறார் என்று பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

உன் அம்மா,
ஜெயஷீலா