நல்லெண்ணெய் தேய்த்த கால்

அன்பு மகளுக்கு,

தண்டபாணியின் திருவடி நிழல் உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும்.

அம்மாவின் காரியம் முடிந்து நீ திருப்பூருக்குப் புறப்பட்ட அன்று, வாசல் கழுவுவதற்காகச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாய். உன் கால்களில் நீல நரம்புகள் புடைத்துச் சுருண்டிருக்கக் கண்டேன். தறியருகே நின்று உன் அம்மாவுக்கு வந்தவை, பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கும் செக்கிங் மேசையருகே நிற்கும் உனக்கும் வந்திருக்கின்றன. "எங்கால்ல அமராவதி ஆறு ஓடுதுங்க" என்று சொல்லி அவள் சிரிப்பாள்.

அவள் நம்மை விட்டுப் போன அன்று மாலை அவளுடைய இடது கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. நான் பதிகம் ஓதிக்கொண்டே நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். "ஏனுங்க, பாட்ட நிறுத்தச் சொல்லலீங்க, கைய நிறுத்துங்க" என்றாள். நான் நிறுத்தவில்லை. பதிகம் முடியுமுன் அவளுக்கு மூச்சுத் திணறியது.

மருத்துவர் பிறகு சொன்னார்: "நரம்பு வெளிய தெரியறது பெரும்பாலும் பயமில்லீங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். தேய்ச்சா அது நகந்து நெஞ்சுக்குப் போயிரலாமுங்க. உடனே கூட்டிட்டு வரோணும்."

நான் வீட்டுக்கு வந்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

தொலைபேசியில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்பெனியில் விடுப்புக் கேட்டு, இந்த வாரமே மருத்துவரிடம் கால்களைக் காட்டிவிடு, கண்ணு. என்றேனும் உன் கால் வீங்கினால், மாப்பிள்ளை எண்ணெயோடு வந்து அமர்வார். அன்பினால்தான் வருவார். அவர் கையைப் பிடித்து நிறுத்திவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா