பூபதி காபி பாரில் உபவாச ஜெபம்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
10.3.2025

விமல் அண்ணாவுக்கு ஜெயமணி எழுதுவது.

இங்கு நான் நலம். அங்கு கிருஷ்ணகிரியில் நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணியின் முழங்கால் வலிக்கு அந்த எண்ணெய் கேட்டதா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் லெட்டர் போடுகிறாள் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. போனில் நான் ஏதாவது குறை சொல்ல ஆரம்பித்தால் நீங்கள், "சரி சிஸ்டர், ஜெபித்து முடித்துக்கொள்வோம்" என்று கண்ணை மூடிவிடுகிறீர்கள். நானும் ஆமென் சொல்ல வேண்டியதாகிறது. கண்ணைத் திறந்தால் போன் கட்டாகியிருக்கிறது. லெட்டரில் உங்களால் அப்படி நடுவில் ஜெபம் பண்ண முடியாது.

நேற்றைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முழுவதும் உபவாச ஜெபம் என்று நீங்கள் அறிவித்தீர்கள். நல்ல காரியம். ஆனால் அண்ணா, உபவாச ஜெபத்தைக் காபிக் கடையில் வைக்கலாமா? நான் ஐந்து மணிக்கே எழுந்து பாய்லர் போட்டு, டிகாக்ஷன் இறக்கி வைத்திருந்தேன். முப்பத்தைந்து பேர் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை எல்லா மேசையையும் பிடித்துக்கொண்டு, காபி வாசனையை மோந்துகொண்டு, தொட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் உபவாசத்துக்கு நான்தான் சோதனைக்காரி போல நின்றேன். நைட் ஷிப்ட் முடிந்து காபி குடிக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நாம் ஏன் ஆரம்பித்தோம்? நான் கம்பெனி கேன்டீனை விட்டு இந்தக் கடையைப் போட்டபோது, அதே கம்பெனி ஸ்டோர்ஸிலிருந்து விஆர்எஸ்ஸில் முன்னதாகவே ஓய்வு வாங்கிய உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். கோவில் வாசலை மிதிக்கக் கூச்சப்படுகிறவன்கூடக் காபிக் கடைக்கு வருவான். முதலில் காபி. பேச வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் மூலை மேசைக்கு வரட்டும். நாம் கேட்போம், கேட்டால் மட்டும் வசனம் சொல்வோம் என்று. நீங்கள்தான், "ஜெயா, இது கர்த்தர் கொடுத்த யோசனைம்மா" என்றீர்கள். இப்போது ஜெயா போய் சிஸ்டர் வந்துவிட்டது.

உபவாசத்தை அவரவர் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். கடையில் காபி குடிக்கட்டும்.

அன்புத் தங்கை,
ஜெயமணி


கிருஷ்ணகிரி
15.3.2025

கிறிஸ்துவுக்குள் பிரியமான சிஸ்டர் ஜெயமணிக்கு, பாஸ்டர் விமல்ராஜ் எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்தபோது மனம் பாரப்பட்டது. உடனே போன் செய்ய நினைத்தேன். நீங்கள் எழுதியதை யோசித்துக் கடிதமே எழுதுகிறேன்.

உபவாசம் பதினொரு மணிக்கு முடிகிறது. முடிந்ததும் எல்லோரும் காபி வாங்கிக் குடிக்கும்படி அறிவிக்கிறேன். அதுவரை பாய்லரை மட்டும் அணைத்து வைக்கலாமே. அந்தச் சத்தத்தில் பிரசங்கம் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்பதில்லை என்று குறை சொல்கிறார்கள்.

சிஸ்டர், மூலை மேசையில் இருவர் மூவரோடு ஆரம்பித்ததை நான் மறக்கவில்லை. ஆனால் இன்று முப்பத்தைந்து பேர். ஈஸ்டருக்குள் ஐம்பது ஆகும். வளர்கிற பிள்ளைக்குப் பழைய சட்டையையே போட முடியுமா? அதனால் சில காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, ஒரு சின்ன மைக். கமலக்கண்ணன் பிரதர் தன் வீட்டிலிருந்து தருகிறார். அடுத்தது, மேசை நாற்காலிகளை ஓரமாக்கி ஜமக்காளம் விரித்தால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். போர்டில் "பூபதி காபி பார்" என்று இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புகிறார்கள். "பெத்தேல் காபி இல்லம்" என்று மாற்றலாம் என்பது என் தாழ்மையான எண்ணம்.

இன்னும் ஒன்று. கல்லாவுக்கு மேலே உங்கள் கணவரின் போட்டோ மாலை போட்டு இருக்கிறது. ஆராதனை நேரத்தில் மட்டுமாவது அதைக் கழற்றி வைத்தால் நல்லது. தவறாக எண்ண வேண்டாம். விசுவாசிகளுக்கு இடறலாக இருக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

ஜெபத்தில் நினைக்கிறேன்.

பாஸ்டர் விமல்ராஜ்


மூக்கண்டப்பள்ளி
24.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

போர்டு மாறாது. போட்டோ இறங்காது. இந்த இரண்டையும் முதலில் எழுதிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம்.

மைக்குக்கும் ஜமக்காளத்துக்கும் நான் சரி சொன்னது என் தப்பு. அதிலும் நேற்று நடந்ததற்கு எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஜமக்காளம் விரித்ததும் முதலில் வந்த இரண்டு பேர் செருப்பை வாசலில் கழற்றினார்கள். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். நீங்களும் மைக்கில், "பரிசுத்த ஸ்தலம், பாதரட்சையைக் கழற்றிவிட்டு வாருங்கள்" என்றீர்கள். அவ்வளவுதான், கடை வாசலில் முப்பத்தெட்டு ஜோடி செருப்பு. பால் ஊற்றும் மாரம்மா கேனோடு வந்தவள், வெள்ளைத் துணி கட்டி ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாருக்கா தவறிட்டாங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள். உள்ளே யாரும் சாகவில்லை, சபை வளர்கிறது என்று சொன்னேன்.

அது போகட்டும். மாரிமுத்துவை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சாத்தூர் பக்கத்துப் பையன், பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் கான்ட்ராக்ட் வேலை. ஐந்து மாதமாக ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வருவான். ஒரு காபியை அரை மணி நேரம் குடிப்பான். யாரிடமும் பேச மாட்டான். போன மாதம் ஒருநாள் தானாக மூலை மேசைக்கு வந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு அழுதான். என்ன தம்பி என்று கேட்டேன். "அடுத்த வாரம் சொல்றேங்க்கா" என்று எழுந்து போய்விட்டான். அடுத்த வாரம் ஊருக்குப் போனான். அதற்கடுத்த வாரம் உங்கள் உபவாசம். அப்புறம் பாய்லர் அணைப்பு. நேற்று செருப்புக் குவியல்.

நேற்று அவன் வாசல் வரை வந்ததை நான் கல்லாவிலிருந்து பார்த்தேன். செருப்புகளைப் பார்த்தான், தன் காலிலிருந்த ஷூவைப் பார்த்தான், திரும்பி ரோட்டைக் கடந்து எதிர்ப் பெட்டிக்கடையில் டீ வாங்கிக்கொண்டு நின்றான். கூட்டத்தின் நடுவில் நான் எப்படி எழுந்து ஓடுவேன்? அவனுக்காகத்தானே இந்தக் கடை.

ஜமக்காளத்தைச் சுருட்டுங்கள். மேசை நாற்காலி பழைய இடத்துக்கு வரட்டும்.

ஜெயமணி


கிருஷ்ணகிரி
29.3.2025

கிறிஸ்துவுக்குள் பிரியமான சிஸ்டருக்கு,

உங்கள் கோபம் எழுத்திலேயே சுடுகிறது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

செருப்பைக் கழற்றுவது நம் ஜனங்களின் மரியாதை. நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. எந்த ஊர்க் கோவிலிலும் சபையிலும் அப்படித்தான். அந்தத் தம்பிக்கு உண்மையான தாகம் இருந்தால் ஒரு ஷூவைக் கழற்ற என்ன கஷ்டம்? ஒரு ஆளுக்காக நாற்பது பேருடைய ஆராதனையைக் குலைப்பதா? நீங்களே நிதானமாக யோசியுங்கள்.

போட்டோ விஷயத்தில் உங்கள் பிடிவாதம் எனக்கு வருத்தம். நான் மைக்கை இடம் மாற்றி, கல்லாவுக்கு முதுகு காட்டி நின்றுகொள்கிறேன். இனி அதைப் பற்றிப் பேசவில்லை.

அண்ணிக்கு வலி குறைந்திருக்கிறது. உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பாஸ்டர் விமல்ராஜ்


மூக்கண்டப்பள்ளி
7.4.2025

அண்ணா,

ஒரு ஆளுக்காக நாற்பது பேரையா என்று கேட்டிருக்கிறீர்கள். காணாமல் போன ஒரு ஆட்டைப் பற்றி இதே கடையில் மூன்று வாரம் தொடர்ந்து பேசியது யார்? அப்போது அந்த ஆட்டுக்கு ஷூ இல்லை போலிருக்கிறது.

நேற்றும் மாரிமுத்து எதிர்க் கடையில்தான் நின்றான். நீங்கள் பாட்டு ஆரம்பித்ததும் நான் கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்து போனேன். நீங்களும் பார்த்தீர்கள், பாட்டில் ஒரு வரி தடுமாறினீர்கள். நான் அவன் பக்கத்தில் போய் ஒரு டீ சொன்னேன். காபிக் கடைக்காரி எதிர்க் கடையில் டீ குடித்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஏன் தம்பி உள்ளே வரவில்லை என்று கேட்டேன்.

"உள்ள ஏதோ விசேஷம் மாதிரி இருக்குக்கா. எல்லாரும் குளிச்சு வெள்ளையும் சொள்ளையுமா இருக்காக. நான் எட்டு மணி நேரம் இந்த சேஃப்டி ஷூவுக்குள்ள நின்னுட்டு வாரேன். இதக் கழட்டுனா நாத்தத்துல கடை பூராம் ஓடிரும்க்கா. சாக்ஸ் வேற கிழிசல். நீங்க வச்ச காபிய விட இந்த டீ ஒண்ணும் நல்லா இல்ல. இருந்தாலும் இங்க நின்னா பாட்டு கேக்குது."

பாட்டு கேட்கிறதாம். அதற்காக மட்டமான டீயைக் குடித்துக்கொண்டு நிற்கிறான்.

உங்களுக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் கிறிஸ்தவர் இல்லை என்பது தெரியும். ஏன் ஒருநாளும் சபைக்கு வரவில்லை என்பது தெரியாது. ஒருதரம் வந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் காலை. இரும்பு உருக்கும் ஃபவுண்டரியில் நைட் ஷிப்ட் முடிந்து, எனக்குச் சொல்லாமல், ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நேராக நாம் அப்போது போய்க்கொண்டிருந்த கோவிலுக்கு வந்துவிட்டார். மேலெல்லாம் கரி, காலில் ஷூ. நான் உள்ளே பாடகர் குழுவில் இருந்தேன். வாசலில் நின்ற ஒரு ஆள், "யூனிஃபார்மோட உள்ள வரக்கூடாதுங்க, குளிச்சிட்டு வாங்க, இல்லேன்னா அப்படி ஓரமா நில்லுங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர் எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆராதனை முடிந்து நான் வெளியே வந்தபோது கையில் எனக்காக வாங்கிய கேக் பொட்டலம் இருந்தது. அதன் பிறகு அவர் சாகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டார். எட்டு வருஷம் அந்த டீக்கடையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அதனால்தான் இது அவர் பேரில் பூபதி காபி பார். யூனிஃபார்மோடு வருகிறவன் உள்ளே உட்கார வேண்டும் என்றுதான் திறந்தேன். இங்கேயே என் கண் முன்னால் ஒருவன் எதிர்க் கடைக்குப் போனால் நான் எதற்காக அடுப்பு மூட்டுகிறேன்?

வரும் ஞாயிறு முதல் கூட்டம் இங்கே வேண்டாம். ராயக்கோட்டை ரோட்டுக் கல்யாண மண்டபத்தைக் கமலக்கண்ணன் பிரதர் பேசித் தருவதாகச் சொன்னாரே, அங்கே நடத்துங்கள். சபை பெருகட்டும். எனக்கு அதில் பொறாமை இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது. கடை எப்போதும்போல் ஐந்தரைக்குத் திறந்திருக்கும்.

ஜெயமணி


கிருஷ்ணகிரி
15.4.2025

ஜெயாவுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். போனை எடுத்தும் பார்த்தேன். எடுத்தால் கடைசியில் ஜெபம் பண்ணித் தப்பித்துக்கொள்வேன் என்று தெரிந்து, போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று கோவில் வாசலில் நின்ற ஆள் நான்.

அவர் உன் வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரியாது. அந்த வருஷம் எனக்கு வாசல் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். புது வேட்டி, சட்டையில் பேட்ஜ். பெரியவர்கள் எல்லாம் வருகிறார்கள், கம்பளத்தில் கரி படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் மேல் போட்டு என்ன பயன், சொன்னது என் வாய். அவர் "சரிங்க" என்று மட்டும் சொன்னார்.

நீ கடை திறந்த அன்று கல்லாவுக்கு மேலே போட்டோவைப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று வருஷம் போய்விட்டது. போட்டோவைக் கழற்றச் சொன்னதும், போர்டை மாற்றச் சொன்னதும், கல்லாவுக்கு முதுகு காட்டி நின்றதும் யாருடைய விசுவாசத்துக்காகவும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க என்னால் பிரசங்கம் பண்ண முடியவில்லை. கூட்டம் பெருகப் பெருக, அந்த ஒரு முகத்தை மறைத்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

இப்போது அதே வேலையை மைக்கில் செய்திருக்கிறேன்.

ஈஸ்டர் ஆராதனை மண்டபத்தில்தான். எல்லோருக்கும் சொல்லியாயிற்று, மாற்ற முடியாது. உன் கடைக்கு வர எனக்கு முகமில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன்.

விமல்


மூக்கண்டப்பள்ளி
21.4.2025

விமல் அண்ணாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள், உங்களுக்கும் அண்ணிக்கும்.

எனக்குத் தெரியும், அண்ணா. அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது அவரே சொன்னார். "உங்க ஸ்டோர்ஸ்ல ஒல்லியா ஒருத்தர் இருக்காரே, அவருதான் வாசல்ல நின்னாரு. பாவம், அவருக்கு என்னை உள்ள விடவும் பயம், வெளிய நிறுத்தவும் பயம்" என்று சிரித்தார். கேன்டீனுக்கு என்னைக் கூப்பிட வரும்போது உங்களைப் பார்த்திருக்கிறார். நீங்கள்தான் அவரைப் பார்க்கவில்லை.

அதனால்தான் வேறு யாரையும் விட்டுவிட்டு உங்களைக் கூப்பிட்டேன். பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம், பாதிக்குப் பாதி கோபம். நீங்கள் நின்ற வாசலுக்குப் பதிலாக இந்த வாசலில் உங்களை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. என்றைக்காவது நீங்களாகச் சொல்வீர்கள் என்றும் காத்திருந்தேன். நானாக ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் நீங்கள் ஜெபம் பண்ணியிருப்பீர்கள்.

மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் வந்தார்களாம். நல்லது. இங்கே நேற்று ஒன்பது பேர், நாலு பேர் சேஃப்டி ஷூவோடு. ஜமக்காளத்தைச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட்டேன். மாரிமுத்து மூலை மேசையில் உட்கார்ந்து, அன்று சொல்லாமல் எழுந்து போனதைச் சொன்னான். அதை லெட்டரில் எழுத முடியாது. கேட்டுக்கொண்டே இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தேன். கேட்கத்தான் எனக்குத் தெரியும், பேச உங்களுக்குத்தான் வரும். அந்த மேசையில் இன்னொரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

பேசி முடிக்க மத்தியானமாகிவிட்டது, மண்டபத்தில் ஆராதனையும் முடிந்திருந்தது. கிளம்பும்போது அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைக் கூப்பிட்டான். "அக்கா, நம்ம பாஸ்டர் ரொம்ப நேரமா எதிர்க் கடையில உக்காந்து இங்கயே பாத்துக்கிட்டு இருக்காரு. கையில டீ ஆறிப்போச்சு. கூப்பிடவா?" என்றான். நான் எட்டிப் பார்ப்பதற்குள் நீங்கள் கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டீர்கள்.

என் கோபம் முழுசாகத் தீரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். வரும் ஞாயிறு ஏழு மணிக்கு மாரிமுத்து இருப்பான். பாய்லர் ஓடும், சத்தமாகத்தான் இருக்கும். மைக் வேண்டாம். அவர் போட்டோவுக்கு எதிரே உள்ள நாற்காலியில் உட்காருங்கள்.

அந்தக் கடை டீ நன்றாக இருக்காது, அண்ணா. எட்டு வருஷம் அதே மாதிரி டீயைக் குடித்த ஒருவரோடு வாழ்ந்தவள் சொல்கிறேன். ரோட்டைக் கடந்து உள்ளே வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம்.

ஜெயா