நெல்லுக்குப் போர்த்திய கடல்

ஜனவரி 19, திங்கள்

காலையில் பனி. பத்துக்கு மேல் நல்ல வெயில். இரண்டு மணிக்கு மேற்கே கறுத்துவிட்டது. அறுப்பு முடிந்த நேரத்தில் இந்த மழையை யார் கேட்டார்கள்.

களத்தில் நம் நெல் நாற்பது மூட்டை. கொள்முதல் நிலையத்தில் முறை வர இன்னும் நான்கு நாள். தார்ப்பாய் இரண்டு, அதில் ஒன்று கிழிசல். வீட்டுக்கு ஓடினேன். பழைய போர்வை, சாக்கு. அப்புறம் என் மனைவி தேவகி படம் போடும் பின்னறையில் சுவரில் ஆணி அடித்திருந்த பெரிய துணி. பெயிண்ட் தெறித்து சுவர் பாழாகாமல் இருக்கக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். நீலமும் சாம்பலுமாக அப்பிக் கிடந்தது. பிடுங்கிப் போய்ப் போர்த்தினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. பக்கத்துக் களத்துக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

நெல் தப்பியது.

ஐந்தரைக்கு தேவகி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தாள். பின்னறைக்குப் போய்விட்டு வந்து கேட்டாள். "என் கடல் எங்க?"

எந்தக் கடல் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஜனவரி 20, செவ்வாய்

வெயில். தேவகி இல்லை. முதல் பஸ்ஸில் ஓரிக்கைக்கு, அவள் தம்பி குமார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. நேற்று சாயங்காலம் அவளே களத்துக்கு நடந்து வந்தாள். துணி மேல் சேறு, ஆட்டுக் குளம்பின் தடம். ஆயில் பெயிண்ட் உள்ளே காயவே இல்லையாம், அதில் நெல் நெல்லாக ஒட்டிக் கிடந்தது. ஒரு மணியைக் கிள்ளி எடுத்தாள். கூடவே நீலமும் வந்தது. அதோடு கையை எடுத்துவிட்டாள்.

"மூணு மாசம் போட்டது" என்றாள்.

செய்ய வேண்டியவை:
மாட்டுக்குத் தவிடு.
மோட்டார் பெல்ட்.
தேவகிக்குப் போன்.

போன் ஏழு தடவை. எடுக்கவில்லை. தவிடு வாங்கவில்லை. பெல்டும்.

ஜனவரி 21, புதன்

குமார் போன் செய்தான். "மாமா, அக்கா சாப்பிடவே மாட்டேங்குது. செவுத்த பாத்துக்கினு ஒக்காந்துகினு கீது. அந்தப் படத்த சென்னைல கண்காட்சிக்கு எடுத்துக்கினாங்க, மாசில அனுப்பணும். ஒன்னாண்ட சொன்னேன்னு சொல்லுதே."

சொல்லியிருக்கிறாள். இப்போது ஞாபகம் வருகிறது. அறுப்பு மிஷின்காரனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படி வாசலில் நின்று ஏதோ சொன்னாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் சரி சரி என்று கையைக் காட்டினேன்.

துணியைச் சுத்தம் செய்து கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கையில் பெயிண்ட் ஒட்டினால் டீசல் போட்டுத் துடைப்பதுதானே வழக்கம். மோட்டார் கொட்டகையிலிருந்து எடுத்து வந்து பழந்துணியில் நனைத்துத் தேய்த்தேன். நெல் வந்தது. சேறு வந்தது. கடலும் வந்துவிட்டது. நடுவில் ஒரு முழத்துக்கு வெறும் அழுக்கு.

நிறுத்தியிருக்கலாம். ஒரு ஓரத்தையாவது சரி செய்துவிடலாம் என்று மேலும் தேய்த்தேன்.

மாட்டுக்கொட்டகைப் பரணில் சுருட்டி வைத்திருக்கிறேன். என்னைப் போல ஒரு முட்டாளை உத்திரமேரூர் ஏரிக்கு இந்தப் பக்கமும் பார்க்க முடியாது, அந்தப் பக்கமும் பார்க்க முடியாது.

ஜனவரி 22, வியாழன்

பனி. சோறு வைத்தேன், குழைந்தது.

அந்தப் படத்தைப் போட்டோ எடுத்துப் பொங்கலுக்கு முன்பே எனக்குப் போனில் அனுப்பியிருந்தாள். இடம் போதவில்லை என்று போன் சொன்னதும் எல்லாவற்றையும் அழித்தேன். உர மூட்டைப் படம் மட்டும் இருக்கிறது.

குமாரிடம் கெஞ்சினேன். அவனுக்கும் அனுப்பியிருக்கிறாள், அவன் அழிக்கவில்லை. வந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளெக்ஸ் கடைக்குக் கொண்டு போனேன். பெரிதாக அடித்துக் கூடத்தில் மாட்டினால், வந்து பார்த்தால், ஒருவேளை.

கடைக்காரர் பாஸ்கர் போனை இப்படியும் அப்படியும் திருப்பினார். "நல்லதா, கெட்டதா?"

விசேஷமா துக்கமா என்று கேட்கிறார். எதுவும் இல்லை என்றேன்.

"யாரு போட்டோ வெக்கணும்?"

"யாருதும் வேணாங்க. இது மட்டும்."

"இது இன்னாதுண்ணே?"

கடல் என்றேன். முதல் முறையாக என் வாயால் சொன்னேன். அவர் இன்னொரு தடவை பார்த்தார். நானும்.

நாள் முழுக்கப் பட்டினி.

ஜனவரி 23, வெள்ளி

நம் முறை தள்ளிப்போனது. நெல்லில் ஈரம் அதிகமாம்.

பிளெக்ஸ் வந்தது. ஆறடிக்கு நாலடி. மேலும் கீழும் ரீப்பர் கட்டை அடித்து வாசலுக்கு நேரே மாட்டினேன். தூர நின்று பார்த்தால் ஏதோ உறுத்தியது. மூலையில் ஒரு படகு. மேலே இரண்டு பறவை.

பாஸ்கருக்குப் போன். "வெறும் தண்ணியா கீதேன்னு நான்தாண்ணே சேத்தேன். எக்ஸ்ட்ரா ஒன்னும் இல்ல."

நல்ல மனுஷன். அழுகை வந்தது. போன வருஷமாக இருந்தால் படகைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் கடல் மாதிரி இருக்கிறது என்று நானே சொல்லியிருப்பேன். இப்போது அந்தப் படகைப் பார்க்கவே முடியவில்லை.

பக்கத்து வீட்டு முனியம்மா எட்டிப் பார்த்தது. "இன்னாண்ணே, செவுரெல்லாம் ஓதம் ஏறிக்கினு கீது? நேத்து இல்லியே."

ஜனவரி 24, சனி

படகு இல்லாமல் வேறு அடிக்கச் சொல்லி, கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். மிஷினிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் வெறும் சாம்பல். ரொம்ப நேரம் சாம்பல். அப்புறம் ஓர் இடத்தில் வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே நீலம்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் போன வருஷம் காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போனது ஞாபகம் வந்தது. நான் வேனிலேயே உட்கார்ந்து மோட்டார் மெக்கானிக்கிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீரில் நின்றாள், ஒரு மணி நேரம். திரும்பி ஒரு தடவை கையை அசைத்துக் கூப்பிட்டாள். நேரமாகிறது வா என்று நான் ஹாரன் அடிக்கச் சொன்னேன்.

பதினாறு வருஷம். இரண்டே பேர் இருக்கிற வீடு. அவள் கூப்பிட்டதெல்லாம் இப்படித்தான் போயிருக்கிறது.

மாட்டிவிட்டேன். கூடம் பெருக்கினேன். குமாரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

மேகமூட்டம். பதினோரு மணிக்குக் குமாரின் வேன். தேவகி இறங்கினாள். மெலிந்திருக்கிறாள். துணிமணி எடுக்க வந்ததாகச் சொன்னாள்.

கூடத்தில் நின்றாள். பிளெக்ஸைப் பார்த்தாள். கிட்டே போய் உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள்.

"வழவழன்னு கீது" என்றாள். "மேடு பள்ளமே இல்ல. நான் கத்தியால அள்ளி அள்ளி அப்பினேன். அதான் அலை."

கண்காட்சிக்கு இதை அனுப்ப முடியாதா என்று கேட்டேன். அவள் பிளெக்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"துணி எங்க?"

பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். டீசல் விஷயத்தையும் சொன்னேன். விரித்துப் பார்த்தாள். நாற்றம் கொட்டகை முழுக்க. அடிக்கவாவது செய்வாள் என்று நின்றேன். அவள் திரும்பச் சுருட்டினாள். பிரஷ் டப்பாவையும் துணியையும் எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். ஏறின பிறகு சொன்னாள்.

"அந்த பிளெக்ஸ கயட்டி நெல்லுக்குப் போடுங்க. அதுல தண்ணி எறங்காது."

குமார் என்னைப் பார்க்கவில்லை. வேன் போய்விட்டது.

சாயங்காலம் பீரோவைத் திறந்தேன். புடவைகள் அப்படியே இருக்கின்றன. மறந்துவிட்டாளா, வேண்டாம் என்று விட்டாளா. இரண்டுக்கும் மேல் எதையும் யோசிக்கத் தைரியம் இல்லை.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. கொள்முதல் இல்லை. பிளெக்ஸுக்கு எதிரே பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மாடு கத்தியது. போகவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் போனேன்.

ஜனவரி 27, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மூன்று மணிக்கு மறுபடி மேற்கே.

வீட்டுக்கு ஓடினேன். போர்வை, சாக்கு. கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, ரீப்பர் கட்டையில் கை வைத்தேன். அவளே போடச் சொன்னதுதான். ஆறடிக்கு நாலடி, கிழிசல் தார்ப்பாய் இருக்கும் பக்கத்துக்குச் சரியான அளவு. ஒரு பக்க ஆணியைக் கழற்றியும் விட்டேன்.

திரும்ப அடித்தேன். இறங்கினேன். போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஏழு மூட்டை நனைந்தது. முளைத்துவிடும். பக்கத்துக் களத்துக்காரர் கேட்டார். "அன்னிக்கு ஒரு துணி போட்டியே, எங்க அது?"

களத்திலேயே நின்று நனைந்துகொண்டிருந்தபோது குமார் நம்பரிலிருந்து போன். எடுத்தால் அவள்.

"அங்க மழையா?"

"ஆமா."

"நெல்லு மேல இன்னா போட்டீங்க?"

"போர்வைதான். பிளெக்ஸ கயட்டல."

அவள் போனை வைக்கவில்லை. அங்கேயும் மழை பெய்கிற சத்தம் கேட்டது.