டிரம்ஸோடு ஒட்டிய குரல்

ஜூன் 4

அன்புள்ள சாமியாருக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நலம் இல்லையென்றாலும் நீ வாயைத் திறந்து சொல்லப் போவதில்லை. பிரிந்துபோன பெண்டாட்டி கடிதம் எழுதுகிறாளே, வக்கீல் ஏதாவது தூண்டிவிட்டாரா என்று பயப்படாதே. வக்கீல் விஷயம் அதுபாட்டுக்குப் போகட்டும். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு, குரலை மிச்சம் பிடிக்க வேண்டும், போன் பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெசேஜ் அனுப்பினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நழுவிவிடுவாய். அதனால்தான் காகிதம்.

அடுத்த ஆல்பத்தை ஆரம்பிக்கிறோம். மெட்டெல்லாம் தம்பி போட்டு வைத்திருக்கிறான். கிட்டார் வாசிக்கிறேன் பேர்வழி என்று வீட்டு ஜன்னலையெல்லாம் நடுங்க வைக்கிறான். டிரம்ஸுக்கு நம் பீரோவேதான். பெயருக்கேற்ப இன்னும் கொஞ்சம் அகலமாகிவிட்டான். பாடகிதான் சந்தேகம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பாடலாம் என்கிறார் டாக்டர். பழையபடி பாட வருமா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

குரலையும் வாத்தியங்களையும் ஏற்றி இறக்கிச் சேர்க்கிற மிக்ஸிங் வேலையை நீதான் செய்ய வேண்டும். இதுவரை வந்த ஆல்பம் எல்லாவற்றையும் செய்தவன் நீ. என் குரல் உனக்குத் தெரிந்த அளவு எனக்கே தெரியாது. ஒரே ஒரு நிபந்தனை. "நல்லா இருக்கு" என்று சொல்லக் கூடாது. குடித்தனம் நடத்திய காலமெல்லாம் அதைத்தான் சொன்னாய். சமைத்தால் நல்லா இருக்கு, முடி வெட்டிக்கொண்டு வந்தால் நல்லா இருக்கு, கோபத்தில் தட்டை உடைத்தால் அதுவும் நல்லாத்தான் இருக்கு. இந்தத் தடவை என் குரல் போய்விட்டதென்றால், போய்விட்டது என்று சொல்லிவிடு. தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
தகர டப்பா (நீ வைத்த பெயர்தான்)


ஜூன் 10

அன்புள்ள தகர டப்பாவுக்கு,

செய்கிறேன்.

கெட்ட செய்தி சொல்ல எனக்கு நாக்கு எழாது, உனக்கே தெரியும். எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கும் போலிருக்கிறது. நீ முறைப்பது காகிதத்தில் தெரியாதே.

குரல், கிட்டார், டிரம்ஸ் என்று ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாகப் பெயர் எழுதி அனுப்பச் சொல். உன் தம்பி வேண்டியது வேண்டாதது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி என் தலையில் ஏற்றுவான். வெந்நீர் குடி.

இப்படிக்கு,
சாமியார்


ஜூலை 22

அன்புள்ள சாமியாருக்கு,

ஒரு வழியாக முடித்துவிட்டோம். மேஜை நாற்காலி விற்றுக்கொண்டிருந்த ஒரு கடையின் காலி குடோனை வாடகைக்கு எடுத்தோம். முதலில் டிரம்ஸ். பாட்டு காதில் விழாவிட்டால் பீரோவுக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அதனால் அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மேலே தொங்கிய ஒரு மட்டமான மைக்கில் எல்லாப் பாட்டையும் சும்மா பாடிக் காட்டினேன். அது அவன் அடையாளத்துக்கு, பிறகு அழித்துவிடுவது.

அப்புறம்தான் நிஜமான பாட்டு. கண்ணாடித் தடுப்பு, நல்ல மைக், ஆவி பிடிக்க ஒரு பாத்திரம். ஒரு வரி பாடுவேன், தொண்டையைத் தடவிப் பார்ப்பேன், அடுத்த வரி. ஒரு பிசிறு இல்லை. தம்பி, "சூப்பர்க்கா" என்றான். அவன் சொன்ன விதம் அப்படியே உன்னை மாதிரி இருந்தது. எனக்குப் பகீரென்றது.

ஹார்ட் டிஸ்க் இத்துடன் வருகிறது. கேட்டதும் எழுது. சோறு இறங்கவில்லை.

தகர டப்பா


ஆகஸ்ட் 5

அன்புள்ள தகர டப்பாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நீ கண்ணாடித் தடுப்புக்குள் பாடியது நன்றாக இல்லை. சுதி சரி, வார்த்தை சரி. ஆனால் தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவள் மாதிரி பாடியிருக்கிறாய். கிட்டார் அந்தப் போடு போடும்போது நடுவில் ஒருத்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? குரல் போய்விட்டது என்றே நினைத்தேன். எழுந்து வெளியே போய்த் தெருவைச் சுற்றி நடந்தேன். உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், உன் தம்பி மூட்டைதான் கட்டியிருக்கிறான். அழிக்க வேண்டியதை அழிக்கவே இல்லை. பீரோவுக்காக நீ பாடிக் காட்டியது முழுக்க அதில் இருக்கிறது. போட்டுக் கேட்டேன்.

குரல் போகவில்லை. கீழே இறங்கியிருக்கிறது, ஓரமெல்லாம் கரகரப்பு. மேலே எட்டாத இடத்தில் நீ மெட்டையே மாற்றிக்கொண்டு கீழ்வழியாகப் போகிறாய். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆல்பத்தில் அதைத்தான் வைக்க வேண்டும்.

ஒரு சிக்கல். அந்த மைக்கில் உன் குரலோடு டிரம்ஸும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. குரலை ஏற்றினால் டிரம்ஸும் ஏறும். மெருகேற்றவோ மறைக்கவோ வழியில்லை. இருக்கிறது இருக்கிறபடிதான் வரும்.

சாமியார்


ஆகஸ்ட் 9

உனக்கென்ன பைத்தியமா?

அது பாட்டா? வாயில் பிஸ்கட் இருந்தது. இரண்டாவது பாட்டில் குரல் உடைகிறது. கடைசிப் பாட்டில் பீரோவைப் பார்த்து, "டேய், இப்ப வரணும்டா!" என்று கத்துகிறேன். ஊரே கேட்டுவிட்டு, "பாவம், தொண்டை போச்சு" என்று உச்சுக்கொட்டும். திட்டினால் வாங்கிக்கொள்வேன், உச்சுக்கொட்டினால் செத்துவிடுவேன். கூடாது என்றால் கூடாது.


ஆகஸ்ட் 10

அன்புள்ள சாமியாருக்கு,

நேற்றைய கடிதத்தைத் தபாலில் போட்டுத் தொலைத்துவிட்டேன். பின்னாலேயே இது வருகிறது.

தம்பியின் காரில் அந்த டிராக்கைக் கேட்டேன். முதல் பாட்டில் வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலாவது பாட்டில் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"என்னக்கா, தொண்டை வலிக்குதா?"

"இல்லடா. அதுக்கு ஒண்ணும் ஆகலைடா."

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். எத்தனை மாதமாக இந்தப் பாரத்தைச் சுமந்தேன், தெரியுமா? வைத்துக்கொள், அதையே வை. "டேய்" என்பதை மட்டும் எடுத்துவிடு, புண்ணியமாய்ப் போகும்.

தகர டப்பா


செப்டம்பர் 2

அன்புள்ள தகர டப்பாவுக்கு,

"டேய்" போகவில்லை. அதை எடுத்தால் பீரோவின் நல்ல அடி ஒன்றும் சேர்ந்து போகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மிக்ஸிங் முடிந்தது. மூன்றாவது பாட்டு மட்டம். உன் குரல் காரணமில்லை, பாட்டே மட்டம். தம்பி குதிப்பான், இருந்தாலும் தூக்கிவிடு.

சாமியார்


நவம்பர் 14

அன்புள்ள சாமியாருக்கு,

மூன்றாவது பாட்டைத் தூக்கிவிட்டோம். தம்பி குதித்தான், பிறகு சாப்பிட வந்துவிட்டான்.

ஆல்பம் வெளிவந்த அன்று போனை அணைத்து அலமாரிக்குள் போட்டுவிட்டேன். ஒரு விமர்சகர், "பாடகிக்கு நாள்பட்ட ஜலதோஷம்" என்று எழுதினார். அடுத்து வந்தவர், "முந்தைய ஆல்பங்களில் பாடியது இவருடைய தங்கையாக இருக்கும். அக்கா இப்போதுதான் வந்திருக்கிறார்" என்று எழுதியிருந்தார். அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் ஆல்பத்தையும் கேட்டாள். "என்னடி இது, மிக்ஸியும் வாஷிங் மெஷினும் ஒண்ணா ஓடுற மாதிரி இருக்கு? ஆனா நடுவுல நீ சொல்றது எல்லாம் புரியுதுடி" என்றாள். அவளிடமிருந்து இதற்கு மேல் யாரும் வாங்க முடியாது.

சனிக்கிழமை மேடை. கடைசிப் பாட்டில் நான் வாயைத் திறக்கும் முன்பே கூட்டம் மொத்தமும், "டேய், இப்ப வரணும்டா!" என்று கத்தியது. பீரோ குச்சியைக் கீழே போட்டுவிட்டான். ஒருவர்கூட உச்சுக்கொட்டவில்லை. அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, இனிமேல் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்கிறார். ஆகவே இதுதான் கடைசிக் கடிதம்.

புதன்கிழமை நம் விவாகரத்துக்காகக் கோர்ட்டில் கூப்பிடுகிறார்கள் என்று வக்கீல் சொன்னார். உனக்கும் தகவல் வந்திருக்கும். நான் கையெழுத்துப் போடப் போகிறேன், நீயும் போட்டுவிடு. ஒரே வீட்டில் இருந்தவரை என் முகம் வாடக் கூடாது என்று நீ பயந்தாய், உன் மனதில் என்ன இருக்கிறதோ என்று நான் பயந்தேன். "நன்றாக இல்லை" என்று நீ எழுதிய அன்று அந்தப் பயம் விட்டுப் போயிற்று. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் உன்னை நம்புகிறேன். மறுபடி ஒரே சமையலறைக்குள் கொண்டுபோய் இதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி புதிதாக இரண்டு மெட்டுப் போட்டிருக்கிறான். புதன்கிழமை சீக்கிரமே வா, உள்ளே கூப்பிடுவதற்கு முன் பாடிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் பாடகி