பூக்கூடையில் வந்த டப்பாக்கள்

ஆவணி, வியாழன்.

குடற்புழுக் கணக்கெடுப்புக்கு மலம் தரமாட்டோம் என்று என்னை இருமுறை திருப்பி அனுப்பிய தெருவிலிருந்து, அன்று முன்னால் நின்று மறுத்த பாண்டியம்மாளே இன்று வத்தலக்குண்டு லேபுக்கு வந்துவிட்டார். பூக்கூடை நிறைய, தெருக்காரர்கள் தந்த மல டப்பாக்கள்.

"பஸ்ல கண்டக்டர் மல்லியான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்," என்றார். பிறகு குரல் இறங்கியது. "எம்மக பூப்பறிக்கையில மயங்கி விழுகுறா தாயி. பொண்ணு கேட்டு வந்தவுக சீக்குக்காரின்னு போயிட்டாக. அவளோடத மொதல்ல பாருங்க."

பார்த்தேன். கொக்கிப்புழு முட்டைகள், அத்தனை தெளிவாக. மைக்ராஸ்கோப்பை விட்டுத் துள்ளி எழுந்தேன்.

"புழுதான்க்கா ரத்தத்தக் குடிக்குது. மாத்திரை இருக்கு."

"இம்புட்டுத்தானா?" கேட்டுவிட்டு அழுதார்.

மற்ற டப்பாக்களையும் இருட்டுவதற்குள் பார்த்து முடித்து, தெரு முழுவதற்கும் மாத்திரை கேட்டு எழுதிவிட்டேன். ஒருத்தி வயிற்றில் புழு இருந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படலாமா, தெரியவில்லை. காலையில் மகளைக் கூட்டி வருகிறார். இன்னும் விடியக் காணோம்.