சபையில் அறிவித்த எடை

ஆப்பியா, சமோவா
ஜூன் 4

அன்புத் தோழி தவுசாலாவுக்கு,

பெரிய பேத்தி லூப்பே தீவுகளுக்கு இடையிலான பளுதூக்கும் போட்டியில் வெள்ளி எடுத்தாள். அவள் தம்பி சீயோ நர்ஸ் படிப்பில் தேறிவிட்டான். கடைக்குட்டி மலியா தேவாலயத்தில் வசனம் முழுக்கத் தப்பில்லாமல் ஒப்பித்தாள். எல்லாம் என் ரத்தம்!

நானும் சும்மா இல்லை. அக்டோபரில் அறுபது தாண்டியவர்களுக்குப் பளுதூக்கும் போட்டி. லூப்பே செய்கிற பயிற்சியையே நானும் செய்கிறேன், வாரம் ஆறு நாள். தோள்தான் சண்டித்தனம் பண்ணுகிறது. சட்டை மாட்டக்கூட அவள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. நீ ஆக்லாந்தில் கிழவிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவளாயிற்றே, நல்ல தைலமாக ஒன்று சொல்.

உன் ஃபுவாதினோ

ஆக்லாந்து
ஜூன் 19

அடி ஃபுவாதினோ,

தைலமாவது ஒன்றாவது! சின்னப்பெண் பாடத்தை நீ ஏன் படிக்கிறாய்? வாரம் மூன்று நாள் போதும். எடைக் கம்பியைத் தரையிலிருந்து ஒரு நாள் இழு. மற்ற நாட்களில் கம்பியைக் கட்டைமேல் வைத்து முழங்கால் உயரத்திலிருந்து இழு. எடையை மூன்று வாரம் ஏற்று, நாலாவது வாரம் இறக்கு. தோள் வலிக்கிற அன்றைக்குத் தலைக்கு மேல் எதுவும் போகக் கூடாது.

போட்டியில் இரண்டு வகைத் தூக்கு; முதல் வகையை முப்பத்தெட்டு கிலோவில் ஆரம்பி. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது மூன்று முயற்சி. மூன்றும் தவறினால் பட்டியலில் உன் பெயரே வராது.

தவுசாலா

ஆப்பியா
அக்டோபர் 21

அன்புத் தவுசாலாவுக்கு,

உன் கடிதம் பார்த்ததும் கோபம்தான் வந்தது. 'இது என்னடி, நோயாளிக் கஞ்சி மாதிரி இருக்கு' என்று லூப்பேயிடம் கத்தினேன். ஆனாலும் செய்தேன். ஆகஸ்டில் சட்டையை நானே மாட்டிக்கொண்டேன்.

போட்டிக்கு முந்தின ஞாயிறு வந்தது வினை. என் தம்பி ஃபலானிகோ இப்போது குடும்பத் தலைவன் அல்லவா? ஆராதனை முடிந்ததும் எழுந்தான். கோலை ஊன்றிக்கொண்டு, "எங்க அக்கா நாற்பத்தஞ்சு கிலோவுல ஆரம்பிப்பாங்க!" என்று அறிவித்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைவன் சபையில் சொன்னது பொய்த்தால் குடும்பத்துக்கே தலைகுனிவு.

போட்டியன்று பேர் கொடுக்கும் மேசையில் லூப்பே கேட்டாள். "பாட்டி, எவ்வளவு எழுதட்டும்?"

தம்பி பக்கத்திலேயே நின்றான். தோளைத் தடவிப் பார்த்தேன்.

"முப்பத்தெட்டு."

"அக்கா, ஊரே கேட்டுச்சே!"

"ஊரா வந்து தூக்கப்போவுது? என் தோளுடா இது."

முப்பத்தெட்டு மேலே போயிற்று. நாற்பத்தொன்றும் போயிற்று, மூன்று நடுவர்களும் 'சரி' என்று வெள்ளை விளக்குப் போட்டார்கள்! தோள் லேசாகக் குத்தியது. மூன்றாவது முயற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாக் கண்ணும் தம்பிமேல். அவன் மெதுவாக எழுந்தான், தொண்டையைக் கனைத்தான்.

"எங்க அக்கா எதைத் தூக்கினாங்களோ, அதுதான் நான் சொன்ன எடை!"

பாதிரியார் மனைவி சிரித்துச் சிரித்து விசிறியைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு அவனே வந்து என் கழுத்தில் மாலை போட்டுவிட்டு, காதோரம், "கோவமா அக்கா?" என்றான். கோபமாவது! தோள் குத்தல் அடங்கியதும், இரண்டாம் வகைத் தூக்கையும் உன் வழியிலேயே குறைவாக ஆரம்பித்து முடித்தேன். தங்கம் எனக்குத்தான்.

பதக்கத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் உன் படம் வேண்டும். என்னிடம் இருப்பதில் உனக்குக் கூந்தல் கருகருவென்று இருக்கிறது. எனக்குப் பாடம் எழுதினது அந்தப் படத்துச் சின்னப்பெண் இல்லை. நரையும் கண்ணாடியுமாக இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே ஒன்று எடுத்துத் தபாலில் போடு.

உன் ஃபுவாதினோ