முதுகு காட்டி நின்ற நாள்

அக்கா,

உன் மகனின் கல்யாணப் பத்திரிகை என் பெட்டியின்மேல் கிடக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறார்கள். அந்த ஈர மஞ்சள் வாசம் காலையிலிருந்து வீட்டை விட்டுப் போகவில்லை. யுத்தகாலத்தில் காகிதத்துக்கே பஞ்சம் என்கிறார்கள். இவர்களுக்கு மட்டும் நல்ல ரோஸ் காகிதம் எங்கிருந்தோ கிடைத்திருக்கிறது. மணமகனின் தகப்பனார் என்ற இடத்தில் உன்னைத் தீர்த்து அனுப்பிவிட்ட முதல் புருஷனின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. உன்னோடு ஆத்தூரில் குடும்பம் நடத்தி இந்தப் பிள்ளையைப் பெற்ற மனிதரின் பெயர் எங்கும் இல்லை.

பையன் தானே கொண்டுவந்தான். உன் நெற்றி, உன் காது, நிற்கும்போது ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிற உன் பழக்கம்கூட அப்படியே. "மாமனுக்கு நேர்ல வெக்கோணும்னு வந்தனுங்க" என்றான். வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். அவன் கேட்டதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உன்னிடம் நான் பேச வேண்டியது இருக்கிறது. நீ போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை எனக்கு வாய் வரவில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கம் உன்னைக் கட்டிக்கொடுத்து ஏழு வருஷம் பிள்ளை இல்லை. மலடி என்று அவர்களாகவே முடிவு செய்து, கல்யாணத்தை அறுத்துவிடத் தீர்வைக்கு ஆள் அனுப்பினார்கள். அப்பா அப்போதே இல்லை. பதினெட்டு வயசில் நானும், நம் மாமனும், பங்காளிகள் இரண்டு பேரும் போனோம். நம் ஜனத்தில் தீர்வை எப்படி நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சரியாகச் சொல்லவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் உட்கார, புருஷன் ஒரு துரும்பை எடுத்து இரண்டாகக் கிள்ளி, ஒரு பாதியைப் பெண்சாதி கையில் போடுவான். அவள் அதைக் கீழே விட்டுவிட்டால் முடிந்தது. இரண்டு பேரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். அந்த நேரத்தில் பெண் வீட்டார் மட்டும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். தங்கள் பெண்ணின் துரும்பைப் பார்த்தவன் வீட்டுக்கும் ஒருநாள் துரும்பு வரும், அவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பார்கள். யார் இதைக் கண்டுபிடித்தார்களோ, மகராசன், நன்றாக இருக்கட்டும்.

திரும்பினோம். மாமன் என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை, அக்கா. உன்னைத் தனியாக அத்தனை ஆம்பளைகள் நடுவில் விட்டுவிட்டு எதிரே இருந்த கள்ளிவேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்னால் ஆகவில்லை. மாமன் கண்ணை மூடியிருந்தார். நான் கழுத்தைத் திருப்பினேன். உன் புருஷன் வலது கையால் துரும்பை உன் உள்ளங்கையில் போட்டான். நீ அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கையைக் கவிழ்த்தாய்.

அடுத்த தையில் ஆத்தூர்க்காரர் உன்னைக் கட்டிக்கொண்டார். அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை, அதிகம் பேசாத மனிதர். பதினோராம் மாதம் நீ பிள்ளை பெற்றாய். சேதி காட்டுத்தீயாகத் திருச்செங்கோட்டுப் பக்கம் போயிற்று. அங்கே அவன் இரண்டாவதாகக் கட்டியவளுக்கும் வருஷம் போகப் போக ஒன்றும் இல்லை. குறை யாரிடம் என்று ஊருக்கே விளங்கிவிட்டது. கிணற்றடியில் பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பை நிறுத்த அவனுக்கு ஒரு வழிதான் இருந்தது. ஆறு வயசுப் பிள்ளையைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனான். துரும்பே கிள்ளவில்லை, கோபித்துக்கொண்டு போனவள், போகும்போது வயிற்றில் என் பிள்ளை இருந்தது என்று எழுதிக் கொடுத்தான்.

நீ ஒன்றும் புரியாமல் வக்கீல் வீட்டில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அவர் நல்லவர், பொறுமையாகவே சொன்னார். "தீர்வை நடந்தது ருஜுவானால் பையன் உங்கள் பையன். ஆகாவிட்டால் நீ இன்னும் அவன் பெண்சாதிதான் அம்மா. பெண்சாதி பெற்ற பிள்ளை புருஷன் பிள்ளை. சட்டம் அதற்கு மேல் கேட்காது. காகிதம் ஏதாவது உண்டா?"

"துரும்புக்கு ஏதுங்க காகிதம்?" என்றாய்.

பஞ்சாயத்தை நடத்திய பெரியவர் செத்துப்போயிருந்தார். மற்றவர்கள் எல்லாம் அவன் ஊர்க்காரர்கள். கண்ணால் பார்த்தவர் உங்கள் பக்கம் யார் என்று வக்கீல் கேட்டார். நான்தான் என்றேன். அவர் நம்பாமல் உன்னைப் பார்த்தார். "பாத்தானுங்க. அவன் பாத்ததை நான் பாத்தனுங்க" என்றாய். அப்போது உன் முகத்தில் வந்த தெம்பை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

கோர்ட்டில் அவன் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, துரும்பும் இல்லை ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்தார்கள். ஆத்தூர்க்காரர் ஏறி, "பையன் என்னுதுங்க" என்றார். அந்த வாக்குமூலமே நீ கெட்டுப்போனதற்குச் சாட்சியாக எழுதப்பட்டது. பிறகு நான் ஏறினேன்.

மாமன் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் வருஷக்கணக்காகத் தட்டிக்கொண்டே போன எனக்கு, தன் மகளைத் தருவதாக அந்த ஆவணியில்தான் ஒப்புக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் நம் வழக்கத்தை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். பெண் வீட்டார் திரும்பி நிற்க வேண்டுமா என்றார். "ஆமாங்க" என்றேன். திரும்பிப் பார்க்கிறவனுக்கு உங்கள் ஜனத்தில் யாராவது பெண் கொடுப்பார்களா என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். மாமன் தலையைத் தூக்கினார்.

"அப்படியிருக்க நீர் மட்டும் பார்த்தீரா?"

"இல்லீங்க" என்றேன்.

ஒரு வார்த்தை, அக்கா. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. செய்த சத்தியத்தை மீறி, பார்த்ததைப் பார்க்கவில்லை என்றேன். நம் வக்கீல் என்னை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நீ பையனின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தாய். கை அப்படியே நின்றது, பிறகு மிச்சப் பித்தானையும் போட்டாய்.

இருபது நாள் கழித்துத் தீர்ப்பு. பையனை ஒப்படைக்கச் சொன்னார்கள். அவன் உன் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். விரலை ஒவ்வொன்றாக நீயே பிரித்துவிட்டாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீ அந்த ஊருக்குப் போய் வண்டிப்பாதையில் நின்றதும், அவர்கள் பையனை உள்ளே பூட்டிவைத்ததும் பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு வருஷத்தில் காலரா உன்னைக் கொண்டுபோயிற்று. வாழ விருப்பம் இருந்தவர்கள் சிலர் அதில் பிழைத்தார்கள்.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். மாமன் மகளைக் கட்டினேன். அம்மாபேட்டையில் குடியிருந்துகொண்டு கோர்ட்டுக்கு எதிரே மனு எழுதிப் பிழைக்கிறேன். விரட்டிவிட்டவனிடம் ஜீவனாம்சம் கிடைக்குமா, பிள்ளை யாருக்குப் போகும், மில்லில் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டானே என்ன செய்வது என்று ஜனங்கள் வந்து நிற்கிறார்கள். தீர்வை என்று வருகிற பெண்களிடம், எழுதி வாங்கு, உன் அண்ணன் தம்பியைத் திரும்பி நிற்க விடாதே, கண்ணால் பார்த்துக் கைநாட்டு வைக்கச் சொல் என்று சொல்கிறேன். நல்ல யோசனை சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். கேட்கும்போதெல்லாம் கூசிப்போகிறேன்.

இன்று பத்திரிகையை வைத்துவிட்டு உன் மகன் கேட்டது இதுதான். "எங்கம்மா ஓடிப்போனவன்னு ஊருல சொல்றாங்க. நெசமுங்களா மாமா?"

சமையல்கட்டில் என் பெண்சாதியின் பாத்திரச் சத்தம் நின்றது. இல்லை, துரும்பு விழுந்தது, நான் பார்த்தேன் என்றேன். முழுவதையும் சொன்னேன்.

"அன்னைக்கு ஏனுங்க சொல்லலே?"

"இவளைக் கட்டிக் குடுக்க மாட்டாங்கன்னு" என்றேன். அவன் கதவோரம் வந்து நின்ற உன் தம்பி பெண்சாதியைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எங்கய்யன் ஆத்தூருல இருக்கறாருங்களா?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறார், கண் சரியாகத் தெரிவதில்லை என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ஆத்தூருக்கா, கல்யாண வீட்டுக்கா, எனக்குத் தெரியாது.

அவனிடம் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. தீர்ப்பு நாளன்று பையனை அவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபிறகு, ஆத்தூர்க்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உன் பக்கம் வரப் பயந்து தூரத்தில் நின்றேன். நீ கோர்ட்டுப் படியில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தாய். பையன் வழியில் பசி தாங்கமாட்டான் என்று கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு. என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாய். நான் பார்த்ததை நீ பார்த்தவள். நான் பொய் சொன்னேன் என்று அந்த இடத்தில் நிச்சயமாகத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

"சாப்புடு சாமி. காலையிலருந்து ஒண்ணும் திங்கலே நீ" என்றாய்.

சாப்பிட்டேன், அக்கா. பசித்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.